பதினேழாம் நம்பர் பை

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கத்தான்
கையைத் தூக்கினேன்.
"சரி, யோகராணி பொறுப்பெடுக்கிறா" என்று
எழுதிக்கொண்டார் வாசிகசாலைச் செயலாளர்.
எல்லாரும் கைதட்டினார்கள்.
பஸ்ஸும் போய்விட்டது.

அன்றிலிருந்து சனிக்கிழமை என்னுடையதில்லை.
போட்டோகொப்பிக் கடையில் அரைநாள் லீவு சொல்லி
பொகவந்தலாவை டவுனில் தொடங்குவேன்.
நிஸ்தார் நானா பருப்பு இரண்டு கிலோ,
கேட்குமுன்பே கட்டி வைத்திருப்பார்.
பேக்கரி சோமசிறி முதல்நாள் பாண் பத்து.
அதை அன்றைக்கே சேர்த்துவிடவேண்டும்,
இந்தக் குளிரில் சாக்குக்குள்ளேயே
பூஞ்சணம் குடியேறிவிடும்.

நகைக்கடை முதலாளி மட்டும்
கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே வந்தார்.
ஒரு பெட்டி டின்மீன்.
படம் எடுக்கச் சொன்னார், எடுத்தேன்.
பிறகு டின்னைத் திருப்பிப் பார்த்தேன்.
தேதி போன வருசமே முடிந்திருந்தது.
திரும்பக் கொண்டுபோய் வைத்தேன்.
"அதுகளுக்கென்ன, எதைக் குடுத்தாலும் திங்கும்" என்றார்.
அதுகள் என்றதில் என் அம்மாவும் உண்டு என்று
நான் சொல்லவில்லை.
அவர் பார்த்திருக்கவே
படத்தை அழித்தேன்.

மண் சரிந்த இரவிலிருந்து
கீழ்ப்பிரிவுக் குடும்பங்கள் இருபத்திமூன்று
பள்ளிக்கூடத்தில் படுக்கின்றன.
அவர்களுக்காக மேல்லயத்தில்
வீடு வீடாகக் கேட்டுப் போகையில்தான்
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.
சம்பளம் போட்ட கிழமையென்றால் கோதுமை மா.
சம்பளத்துக்கு முந்திய கிழமையென்றால்
கடதாசிச் சுருளில் ஒரு பிடி சீனி.
ஒருத்தி இரண்டு முட்டை தந்தாள், இன்னும் சூடு.
ஒருத்தி, இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு
பீலிக்குத் தண்ணியெடுக்கப் போனாள்,
குடம் இல்லாமல்.

சேர்ந்ததையெல்லாம் கொழுந்து மடுவத்தில் நிறுப்போம்.
அதே தராசு.
ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும்
நாளுக்கு இரண்டு கிலோவாவது தின்று வளர்ந்தது.
அரிசிச் சாக்கைக் கொக்கியில் மாட்டியபோது
செங்கமலம் அக்கா கேட்டாள்:
"சாக்குக்கு எவ்வளவு கழிக்கிற?"
கழிக்கலைக்கா, என்றேன்.
நம்பாமல் இந்தப் பக்கம் சுற்றி வந்து
முள்ளைத் தானே வாசித்தாள்.
முப்பத்தோரு வருசமாக அவள் நின்றது
தராசின் முதுகுப் பக்கம்.
"பதினெட்டே முக்கால்," என்றாள் சத்தமாக.
மறுபடியும் சொன்னாள்,
யாரும் கேட்காமலே.

பைகளுக்கு நம்பர் போடுவது என் பழக்கம்.
பதினேழு வாய் கிழிந்த பை.
பள்ளிக்கூட ரிபன் துண்டொன்றால்
நீலமாய்க் கட்டிக் கொடுத்தேன்
புஷ்பலீலாவுக்கு.
புருசன் கொழும்பில் ஹோட்டல் வேலை,
போன் எடுப்பதில்லை.
பிள்ளைகள் மூன்று.

அடுத்த சனிக்கிழமை மேல்லயத்தின் கடைசிக் காம்பரா.
அக்காள் வீட்டுக்கு மாறி வந்திருந்த புஷ்பலீலா
வாசலில் நின்றாள்.
கையில் அதே நீல ரிபன்,
அதே முடிச்சில்லை, அவள் போட்ட முடிச்சு.
"பாதி எடுத்துக்கிட்டேன், கோவிச்சுக்காத.
பள்ளிக்கூடத்துல இன்னும் ஆளுங்க இருக்காங்கதானே."

என் கொப்பியில் இரண்டே பத்தி:
வந்தது. போனது.
பேனையைத் திறந்தபடி நின்றேன்.
மழை தூறத் தொடங்கி
கோடு போட்ட மை கரைந்தது.
கடைசியில் இரண்டு பத்திக்கும் குறுக்கே
"17, பாதி" என்று எழுதினேன்.

மாதக் கடைசியில் செயலாளர்
மூக்குக்கண்ணாடியை இறக்கிக் கணக்குப் பார்த்தார்.
"இங்கே ஒரு அரைப் பை இடிக்குதே, பிள்ளை?"

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்,
இந்தத் தடவை
கையைத் தூக்காமல்.