பொருத்து கொள்ளவும்

"லிப்ட் பலுது. தயவு செய்து பொருத்து கொள்ளவும்.
இப்படிக்கு, சோமதிலக்க."

கொப்பியில் கிழித்த தாள். நீல மை.
நான்கு மூலைக்கும் மருந்துக்கடைப் பிளாஸ்தர்.
கடற்காற்றில் துருப்பிடித்த கதவு
ரயில் போகும்போதெல்லாம் தாளோடு சேர்ந்து நடுங்கியது.

நான் தமிழை ஒப்புநோக்கிச் சம்பளம் வாங்குகிறவன்.
கொட்டாஞ்சேனை அச்சகத்தில்
இரவு இரண்டு மணிவரை
மரண அறிவித்தல்களுக்கு ஒற்றுப் போடுகிறவன்.
இந்த இருபது வருசத்தில்
சந்திப்பிழையோடு ஒருவரும்
என் மேசையைத் தாண்டி மேலே போனதில்லை.

சட்டைப் பையில் சிவப்புப் பேனை.
கை தானாகப் போனது.
பலுதை வெட்டிப் பழுது.
பொருத்துவை வெட்டிப் பொறுத்து.
விட்டுப்போன ககர ஒற்றை
அதன் கதிரையில் இருத்தினேன்.
ஓரத்தில், பொடி எழுத்தில்:
'பொருத்துதல் என்றால் மூட்டுதல். பொறுத்தல் வேறு.'
ஐந்து மாடி ஏறியும் அன்று
எனக்கு மூச்சு வாங்கவில்லை.

காலையில் இரண்டாம் மாடிப் பெடியன்கள்
வாசித்து வாசித்துச் சிரித்தார்கள்.
சாவிக் கொத்தோடு சோமதிலக்க
அவர்களுக்குப் பின்னால் நின்றதைக் கண்டேன்.
கண்டும்
அந்தச் சிரிப்பில் எனக்கொரு பங்கு இருப்பதாகத்தான்
பட்டது.

அடுத்த கிழமை வந்த அறிவித்தல்
முழுக்கச் சிங்களம்.
உருண்டை உருண்டையாக, என்ன அழகான கை.
பிழையே இல்லை என்று நினைக்கிறேன்.
நினைக்கத்தான் முடியும்.
காலி வீதியில் இத்தனை காலமும்
இலக்கம் பார்த்துத்தான் பஸ் ஏறுகிறேன்.

செவ்வாய்க்கிழமை.
முகம் முழுக்கச் சவர்க்காரம்.
குழாய் ஒருமுறை இருமியது; பிறகு காற்று.
சுவரைத் தடவித் தடவிக் கதவைத் திறந்தால்
எதிர்வீட்டு வாசலில் ஆறு வாளி, விளிம்பு முட்ட.
"உங்களுக்குத் தெரியாதா சேர்?
இரவு மட்டும் தண்ணி இல்லையாம்.
லிப்டில ஒட்டியிருந்ததே."
நஸ்லியா ஒரு வாளியை என் பக்கம் தள்ளினாள்.
எரியும் கண்ணோடு நன்றி சொன்னேன்,
இலக்கண சுத்தமாக.

லிப்ட் ஓடியது. படியால் இறங்கினேன்,
ஒரு வசனம் தயாரிக்க நேரம் வேண்டி.
சோமதிலக்க நீர்ப் பம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.
முழங்கை வரை கறுப்பு எண்ணெய், கையில் கயிறு.
"சமாவென்ன," என்றேன்.
பிறகு, திரும்பவும் தமிழில் எழுதுங்கள் என்று
அவருடைய மொழியில் கேட்டேன்.
அவர் கயிற்றைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
மறுபடி கயிற்றைப் பார்த்தார்.
மெல்லத் தலையாட்டினார்.

வெறும் வாளியோடு படியில் நின்ற நஸ்லியா
மூன்றாம் மாடி வரும்வரை சிரிப்பை அடக்கிச் சொன்னாள்:
"எழுதுறதுக்கு லியன்ன, சேர்.
நீங்கள் சொன்னது லிஹன்ன.
தமிழில அவிழ்த்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறீங்கள்."

சோமதிலக்கவிடம் பேனை இல்லையா என்ன?
அவர் ஒன்றும் திருத்தவில்லை.

இன்னும் மூன்று அறிவித்தல் சிங்களத்தில் வந்தது.
ஒவ்வொன்றையும் படம் கீறுவதுபோல் பார்த்தெழுதிக்
கொண்டுபோய் நஸ்லியாவிடம் நீட்டினேன்.
குப்பை வண்டி. கொசு மருந்து. மொட்டைமாடிச் சாவி.

பிறகு ஒரு வியாழன், வேலை முடிந்து வந்த நேரம்,
மங்கல் வெளிச்சத்தில்:
"நாளை தன்னீர் வறும். பொருத்திருந்ததுக்கு நன்றி."

நாலு பிழை.
பேச்சுவழக்கென்று ஒன்றை விட்டால், மூன்று.
வறுமுக்கு நேராக ரயில் ஒன்று போனது,
தாள் நடுங்கியது.
கை சட்டைப் பைக்குப் போய்ப்
பேனையின் மூடியைத் தொட்டுவிட்டு வந்தது.

இடப்பக்க மேல்மூலையில்
பிளாஸ்தர் கழன்று தொங்கியது.

பெருவிரலால் அழுத்திப்
பொருத்தினேன்.