சத்திரச் சந்தி

நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணியும் ஆகாது
என்று துண்டில் இருந்தது.
பல் மினுக்கையில் ஒரு மிடறு உள்ளே போய்விட்டது.
சொல்வதா விடுவதா என்றே
கோண்டாவிலில் இருந்து யோசித்துக்கொண்டு வந்தேன்.

காப்பு கழரவில்லை, சவர்க்காரம் போட்டும்.
மிஸ்ஸி அதன்மேல் பிளாஸ்டர் சுற்றினா.
தோடு, கண்ணாடி, செருப்பு
எல்லாம் ஒரு ஷொப்பிங் பேக்கில்,
பேக் யூட் நிக்சனின் கையில்.

"ஆர் இவர் உங்களுக்கு?"
பின்னேரம் கூட்டிக்கொண்டு போக
ஒராள் ஒப்பமிட வேணுமாம்.
பெயர் எழுதினான். குருநகர் விலாசம் எழுதினான்.
உறவுமுறை என்ற கட்டத்தில் பேனை நின்றது.
என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
பிறகு தன் ஓட்டோ இலக்கத்தை எழுதினான்,
என்.பி. என்று தொடங்கி, ஒரு எழுத்தும் பிழைக்காமல்.
மிஸ்ஸி வாசித்தா. சிரிக்கவில்லை.
முத்திரை குத்தினா.

தியேட்டருக்குள் குளிர்.
"கோண்டாவில் எண்டால், டிப்போவுக்குக் கிட்டவோ?"
டொக்டர் கேட்டார்.
ஓம் என்று சொல்லத் தொடங்கின பாதியில்
நேரம் அறுந்தது.

புளியங்கொட்டை அளவுதான்.
மூடி இறுக்கின போத்தலில்
என் பெயர், வயது ஐம்பத்தெட்டு, இடது.
மூன்று மணிக்கு நான் வீட்டுக்குப் போகலாம்.
அதைத்தான் மறித்துப்போட்டார்கள்.
தான் இன்னதென்று சொல்ல
அதற்குப் பன்னிரண்டு நாள் வேணும்.

சத்திரச் சந்தியில் பஸ் குறுக்கே நின்றது.
சத்திரம் என்றால் கத்தி.
சத்திரம் என்றால் இராத்தங்கும் இடம்.
முதலாவதுக்குப் போய்
இரண்டாவதில் பாய் விரிக்காமல் திரும்புகிறேன்.
"குலுக்குதோ அக்கா?"
பள்ளம் பள்ளமாய்த் தவிர்த்து ஓட்டினான்.
காத்திருந்த ஒன்பது மணித்தியாலத்துக்கும்
கணக்குப் பார்த்துக் காசு வாங்கினான்.
எனக்கு அது ஆறுதலாய் இருந்தது.

இருபத்துநாலு மணித்தியாலம்
அடுப்படிக்குப் போகக் கூடாது,
மோட்டச்சைக்கிள் ஓடக் கூடாது,
முக்கியமான முடிவு எதுவும் எடுக்கக் கூடாது.
கடைசி வரியின் கீழே மிஸ்ஸி கோடும் போட்டிருந்தா.

இரவு பேர்கனில் இருந்து மகள்.
"என்னம்மா, குரல் ஒருமாதிரி?"

சொல்வதும் முடிவு.
சொல்லாமல் விடுவதும் முடிவு.

"இஞ்சை மழை வாறமாதிரிக் கிடக்கு" என்றேன்.
அவள் அங்கத்தைய பனியைப் பற்றிக் கதைத்தாள்.
நான் கேட்டுக்கொண்டே
காப்பில் இருந்த பிளாஸ்டரை உரித்தேன்,
பாதிவரைக்கும்.