காடி 2

சனிக்கிழமை. இரவு ஷிப்ட் முடிந்து
ஏழரைக்கு வந்தவள் தூங்கப் போகவில்லை.
சுங்கை ஆரா அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தில்
எங்கள் பழைய வீராவின் நெஞ்சைப் பிளந்து
மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.
கப் வைக்கும் குழியில் நான்கு திருகாணி.
ஒன்று உருண்டு சீட்டுக்கடியில் போய்
ஒரு பழைய டோல் ரசீதோடு திரும்பி வந்தது.

"தூக்கிப் போடு" என்றான் ஆ லெங்,
"புளூடூத் மாட்டித் தரேன், நூத்தித் தொண்ணூறு வெள்ளி,
உனக்குன்னா நூத்தி எழுபது."
எனக்கு என்றால் ஏன் இருபது குறைகிறது
என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் அறைக்குள்
பவுடர் கூடாது, மை கூடாது, பொட்டு கூடாது,
மல்லிகை கூடவே கூடாது.
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடை,
முயல் சட்டை என்போம்.
காற்றில் எத்தனை தூசி என்று
சுவரில் ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும்.
எண் ஏறினால் சூப்பர்வைசர் ஊய்க்கு முகம் சிவக்கும்.
பன்னிரண்டு வருஷம்.
தும்மலை விழுங்கத் தெரிந்த தொண்டை இது.

அப்படிப்பட்டவளின் காடியில்
டேஷ்போர்டில் பிள்ளையார்.
பிள்ளையாருக்குத் தினமும் ஓர் ஊதுவத்தி,
தனபாலன் உபயம்.
பாலம் ஏறுவதற்குள் சாம்பல் முறிந்து விழும்,
சரியாக, வட்டு நுழையும் வாயில்.
ஆறு வருஷமாக
இந்த மெஷின் திருநீறு தின்றிருக்கிறது.

மூடியைத் தூக்கினேன்.
மிளகளவு வில்லை.
அதன் மேல் புகைப் படலம்,
கண்புரை விழுந்த கிழட்டு மீன் மாதிரி பார்த்தது.

பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஒரே சொட்டு.
அழுத்தக் கூடாது.
வில்லை மெல்லிய கம்பியில் மிதக்கிறது,
தொட்டால் குனிந்து
விட்டால் நிமிர்கிறது.
முதல் குச்சி கறுப்புக் காப்பி.
இரண்டாவது தே தாரிக்.
மூன்றாவது
போன மாதிரியே வெள்ளையாக வந்தது.
சுவரில் எண் இல்லை. இருந்தும் நிமிர்ந்து பார்த்தேன்.

வட்டை நடுவிலிருந்து விளிம்புக்கு
நேராக இழுத்துத் துடைத்தேன், சுற்றித் துடைக்கவில்லை.
கொழுந்தன் மார்க்கரில் எழுதியது: காடி 2.
காடி 1 எங்கே என்று இந்தக் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது.

மூன்றாம் பாட்டில்தான் சிக்கும்.
"வருவேன்" என்று தொடங்கி
வரு வரு வரு என்று நிற்கும்.
தனபாலன் ஒரு தட்டு தட்டுவார்,
நாலாம் பாட்டுக்குக் குதிக்கும்.
எங்கள் லோஷினி இதைக் கேட்டே பேசப் பழகியவள்.
பாலர் பள்ளி ஆண்டு விழாவில்
வரு வரு வரு பாடி
மேஜையைத் தட்டிவிட்டு இறங்கினாள்.
டீச்சர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

திருகாணி நான்கும் ஏறின. சாவியைத் திருப்பினேன்.
தனபாலன் பக்கத்தில், கையில் பற்றவைக்காத வத்தி.
லோஷினி பின்னால், பல் விளக்காமல்.
ஒன்று. இரண்டு. மூன்று.

"வருவேன் என்று யார் சொன்னது உனக்கு?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
ஆறு வருஷம், ஒவ்வொரு கல்யாண நாளிலும்,
இதைக் காதல் பாட்டு என்றல்லவா
தெலுக் பஹாங் வரை ஓட்டிப் போனோம்.
அந்தப் பெண் நிறுத்தவில்லை.
சரணத்தில் அவன் நண்பர்களையும் சேர்த்துத் திட்டினாள்.

"அம்மா, கெடுத்துட்டீங்க" என்றாள் லோஷினி.
இரண்டு சீட்டுக்கும் நடுவில் புகுந்து வந்து
டேஷ்போர்டை ஓங்கி ஒரு தட்டு.
பாட்டு அசையவில்லை.
பிள்ளையார் அசைந்தார்.

தனபாலன் கதவைத் திறந்து வெளியே இறங்கி
வத்தியைக் கொளுத்தி
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றபடி
பிள்ளையாருக்கு மூன்று சுற்று காட்டினார்.
சாம்பல் வைப்பர் மேல் விழுந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளே இரண்டு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது:
ஒருத்தி வரமாட்டேன் என்கிறாள்,
ஒருத்தி வரு வரு வரு என்கிறாள்,
தொண்டை கிழிய.