இருமல் தலையணை

முதலாம் குறுக்குத் தெருவில்
உடைந்த போன்களுக்குக் கண்ணாடி மாற்றுகிறவன் நான்.
மகளுக்கு வருடக்கணக்காய்ச் சொல்லிவந்தது
ஒரே வாக்கியம்:
போனைக் கீழே வை.

இன்று பொரளை ஆஸ்பத்திரி விறாந்தையில்
அவர்களே அவள் முகத்தில்
ஒரு கறுப்புப் பெட்டியைக் கட்டுகிறார்கள்.
அதன் விலை எனக்குத் தெரியும்.
பட்டியை இறுக்குமுன் சந்தமாலி மிஸ்
பின்னலை மெல்ல வெளியே எடுத்துவிடுகிறார்.

ஒன்பது கிழமையாய் மிதுஷ்கா நிமிரவில்லை.
தோளை மடித்து, நெஞ்சைக் குழியாக்கி,
காற்றுக்குக் கைமறைத்த மெழுகுதிரியாய் நடந்தாள்.
இருமும்போது அணைக்கச் சொல்லித் தந்த
சிவப்புத் தலையணை
சாப்பாட்டிலும் அணைப்பில். நித்திரையிலும்.
எலும்பு பொருந்திவிட்டது என்று
டொக்டர் படம் காட்டினார்:
வரிசையாய் ஐந்து கம்பி முடிச்சு,
சாக்கு வாய் தைத்த மாதிரி.
படத்தை நான் நம்பினேன்.
நெஞ்சு அவளுடையது.

"அத உஸ்ஸண்ட, துவ."
கையைத் தூக்கு மகளே. அது விளங்குகிறது.
மற்றதுதான் விளங்கவில்லை.
ஒன்றுமில்லாத இடத்தை என் பிள்ளை
எட்டி எட்டிப் பிடிக்கிறாள்.
"அப்பா, தள்ளி நில்லுங்கோ.
மீனுக்கு மேல நிக்கிறீங்கள்."

தள்ளி நின்றேன்.
மருந்து வண்டியோடு வந்த பெடியனும் நின்றான்,
மீன்களுக்கு வழிவிட்டு.

"தவ பொட்டக்." இன்னும் கொஞ்சம்.
காதுவரை வந்த முழங்கை
காதைத் தாண்டியது.
சட்டைக் கழுத்தில் தழும்பின் மேல்நுனி,
ஊதாவாய்.
கால்விரலில் மாட்டிய கிளிப்
நூற்றுப் பன்னிரண்டு என்றது, நூற்றிருபது என்றது.
நான் எண்ணையே பார்த்தேன்,
அவள் கடலை.

பிறகுதான் கண்டேன்,
தலையணை என்னிடம்.
எப்போது தந்தாள்? நானா கேட்டேன்?
இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்தியிருந்தேன்,
உறை வியர்வையில் ஊறும்வரை.

பெட்டியைக் கழற்றினதும்
மூக்கில் சிவந்த தடத்தோடு
விறாந்தையைச் சுற்றிப் பார்த்தாள்.
"இங்க ஒண்டுமே இல்லையே."

176 பஸ். தெமட்டகொடையில்
குறுக்கே புகுந்த ஒரு ஓட்டோவுக்காக
டிரைவர் பிரேக்கை மிதித்தான்.
அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தாள்,
இரண்டு கையாலும்.
நான் தலையணையைப் பிடித்தேன்.

"தாங்கோ" என்றாள், கொஞ்சம் கழித்து.
கொடுத்தேன்.
மடியில் போட்டு, தட்டிச் சமப்படுத்தி,
அதன்மேல் என் போனை நிறுத்திவைத்து
விளையாடத் தொடங்கினாள்.

ஏழு வீதம்தான் சார்ஜ்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.