வரவு பதினேழு

காலை எட்டரைக்கு
மாத்திரையைப் பொடித்து என் நாக்கின் அடியில் கொட்டுகிறார் சிஸ்டர்.
கரையப் பத்து நிமிடம்.
பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது.
வாய் நிறையக் கசப்போடு
டியூப்லைட் ஓரத்துப் பல்லியைப் பார்த்திருப்பேன்.
"இன்னும் இதை நிறுத்தலையா நீ?" என்று கேட்பவர்கள்
இந்தப் பத்து நிமிடத்தில் வந்து கேட்கட்டும்.

பிறகு பை.
ஊசி நாற்பது, பஞ்சு, ஸ்பிரிட் துணி, தண்ணீர்க் குப்பிகள்,
குத்தினாலும் ஓட்டை விழாத மூடி டப்பா.
அடியில், கைக்குட்டையில் சுற்றி
மூச்சு நின்றவனுக்கென்று இரண்டு ஆம்பூல்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைத்த நாட்களில்
தரையில் சிந்திய வெள்ளித்தூளையும் கூட்டி
எடைபோட்டுத் திருப்பித் தரவேண்டும்.
குந்துமணி குறைந்தாலும் கூலியில் பிடிப்பார்கள்.
அந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை.

திருமணிமுத்தாற்றுப் பாலத்தடி.
கறுப்புத் தண்ணீருக்கு இந்தப் பக்கம்
பொன்னுரங்கம், தஸ்தகீர்,
பெயர் சொல்லாத லாரி கிளீனர் ஒருவன்.
சாக்கை உதறி எனக்கு இடம் போடுகிறார்கள்.
நேற்றுக் கொடுத்தது இருபது.
டப்பாவில் பதினேழு.
மூணு எங்கே என்று கேட்கமாட்டேன்,
கேட்டால் நாளை பதினேழும் வராது.
கண் மட்டும் தேடுகிறது
பந்து பொறுக்கப் பிள்ளைகள் இறங்கும் சரிவில்.

தஸ்தகீரின் முழங்கை வீங்கிச் சீழ் கட்டியிருக்கிறது.
"பெரியாஸ்பத்திரிக்குப் போலாம் வா."
"போன தடவ கையப் பாத்ததுமே
கடைசி பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்கண்ணா.
சாயங்காலம் வரைக்கும்."
"சரி, நானும் அதே பெஞ்சுல உக்கார்றேன்."
யோசிக்கிறான்.

கையை மாற்றிப் போடு. அடுத்தவன் ஊசியைத் தொடாதே.
தனியாக இருக்கும்போது போடாதே.
என் வேதம் அவ்வளவுதான்.
விட்டுடு என்று என்னிடம் எத்தனை பேர் சொன்னார்கள்!
அப்பா சொன்னார், அம்மாப்பேட்டை மாமா சொன்னார்,
லத்திகூட அதையேதான் சொன்னது.
நாளைக்கு வர்றேன் என்று
ஒருத்தரும் சொல்லவில்லை.

ஆடிப் பண்டிகை.
ஊரே கோட்டை மாரியம்மனிடம் போயிருந்த ராத்திரி,
வேட்டுச் சத்தத்துக்கு நடுவே போன்.
ஓடினேன். பொன்னுரங்கத்தின் உதடு நாவல்பழ நிறம்.
தொடையில் ஏற்றினேன், மூக்கைப் பிடித்து வாயில் ஊதினேன்,
ஊதினேன்,
எத்தனை என்று அன்றைக்கு மட்டும் எண்ணவில்லை.
கண் திறந்தவன் முதலில் இழுத்தது என் அம்மாவை.
"நானூறு ரூவாச் சரக்குடா!
ஒரே குத்துல காலி பண்ணிட்டியேடா பாவி!"
திட்டுவதற்குக் காற்று வேண்டும்.
திட்டத் திட்ட அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
மருந்து இறங்கினால் மறுபடி மூச்சு தூங்கிவிடும் என்று
இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன்.
தூரத்தில் ஏற்காட்டுச் சாலை விளக்குகள்
மலையில் யாரோ தையல் போட்ட மாதிரி.
அவன் குறட்டை விட்டான்.
என் பையில் பிரிக்காத ஊசி பன்னிரண்டு.
பார்க்காமலே எண்ணிவிட்டது
என் முழங்கை மடிப்பு.

அதைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை.
இன்று தட்டுவடை செட் பொட்டலத்தைப் பிரித்து
"காரம் கம்மியாப் போடச் சொன்னேன், உனக்கு வவுறு ஆவாதுல்ல"
என்றான்.
நல்ல காரம்.

சாயங்காலம் ஆபீசில் பதிவேடு.
பற்று இருபது, வரவு பதினேழு.
குறிப்பு என்ற கட்டம் அரைவிரல் அகலம்.
'மூன்று வெளியே' என்று எழுதினேன்.
அதை அடித்துவிட்டு
'மூன்று நாளை' என்றெழுதப் போனால்
பேனாவில் மை தீர்ந்து
வெறும் கீறல்தான் விழுந்தது.