நூற்றைம்பதில் நாற்பத்தொன்று

என்.சி. வீதியில் ஜவ்பரின் கண்ணாடிக் கடை.
கலியாணப் படங்களுக்கும் மக்கா மதீனாவுக்கும்
கறுப்புத் தொப்பி போட்ட பட்டதாரிகளுக்கும் நடுவில்
ஒரு வெட்டின பூசணிக்காய்.
இருட்டுப் பின்னணி. பாதி முகம் வெளிச்சத்தில்.
விதைகள் இன்னும் ஈரம்.
கீழே பென்சிலில் 41/150.

"அச்சுத்தான் மேடம்," ஒளிக்காமல் சொன்னார்.
"ஆனா நல்ல தாள். நூறு வருசத்துக்கு நிறம் போகாது."
நூறு வருசம் யார் இருந்து பார்ப்பது என்று
சுகிர்தா கேட்கவில்லை.
ஃபிரிஜ்ஜுக்குச் சேர்த்த காசில்
பதினெட்டாயிரத்து ஐந்நூறை
எச்சில் தொட்டு எண்ணி வைத்தாள்.

ஓட்டோவில் இரண்டு பேர் மடியிலும் குறுக்காகப் பூசணி.
"சந்தையில கிலோ இருநூறுதானே அண்ணை,"
என்றான் சாரதி, திரும்பாமலே.

கோட்டை வாசலடியில் ஒரு மான் மறித்தது.
ஹோர்ன் அடித்தும் அசையவில்லை.
பக்கவாட்டில் வந்து தலையை நீட்டி
சட்டகக் கண்ணாடிக்குள் இருந்த மானை முகர்ந்தது.
விதைகளுக்கு மேல் ஒரு மூச்சுப் படலம்.
துடைக்கப் போனேன். சுகிர்தா விடவில்லை.
ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் அது தானாகக் காய்ந்தது.

வீடு வாடகை.
ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு:
சுவரில் ஆணி அடிக்கலாகாது.
மூன்று கிழமை பூசணி கதிரையில் இருந்தது.
ஆட்கள் வந்தால் கட்டிலுக்குப் போனது.
மற்ற நூற்று நாற்பத்தொன்பதும்
எந்தெந்த ஊர்ச் சுவர்களில் என்று
சோறு பிசைந்தபடி யோசிப்பேன்.
அவற்றில் ஒன்றாவது
எங்களைப் போல் கதிரையில் இருக்காதா?

முதலாம் திகதி சோமசேகரம் வாடகைக்கு வந்தார்.
இருக்க இடம் தேடினார். பூசணி இருந்தது.
மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி
நெடுநேரம் பார்த்தார்.
"கண்ணூறுக்கோ?"
நான் வாய் திறக்குமுன்
"ஓம்" என்றாள் சுகிர்தா.

"அப்ப உப்பிடிக் கதிரையில வைக்கப்படாது பிள்ளை.
வாசலுக்கு நேர வேணும்.
ஒரு ஆணி. ஒண்டே ஒண்டு."
சுத்தியலும் அவரே கேட்டார்.
அவரே அடித்தார், கோணலாக.

இப்போது கதவைத் திறந்தால்
கண்ணாடிக்குள் உட்துறைமுகம்.
எண்ணெய்க் கப்பல் ஒன்று
விதைகளுக்குள்ளால் மெல்லப் போகிறது.
சட்டகத்தின் கீழே
மூன்று மிளகாயும் ஒரு தேசிக்காயும் கட்டச் சொல்லி
பக்கத்து வீட்டு ரேணுகா நிற்கிறாள்.

சுகிர்தா யோசிக்கிறாள்.
அந்த மஞ்சள்
அந்தச் செம்மஞ்சளோடு சேருமா என்று.