தலைக்கு மேல்

மாடியில் குடியிருக்கும் மார்வா கின்னுனென்
கதவைத் தட்டி ஒரே கேள்விதான் கேட்டாள்:
"ஹாலிஸ், உன் கட்டில் எந்தச் சுவரோரம்?"

துலூத் நகரத்து ஜனவரி.
மூச்சு விட்டால் மீசையில் உப்புப் பூக்கிற காலை.
பேருந்து ஓட்டப் புறப்பட்ட சீருடை,
ஒற்றைக் காலில் மட்டும் காலுறை.
வடக்குச் சுவர், என்றேன். எதற்கு?
ஆமைக்கு, என்றாள்.

நூற்றிருபத்தைந்து காலன் தொட்டி.
தண்ணீரும் கண்ணாடியும் கூழாங்கல்லும் சேர்ந்தால்
அரை டன்னுக்கு மேல் வரும்.
அவள் சொல்லி முடிப்பதற்குள்
என் கண் மோட்டுவளைக்குப் போய்விட்டது.
பழைய மரவீடு.
அவள் தும்மினால் என் விளக்கு ஆடும்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்கிறார்கள்.
அப்படிச் சொன்ன யாரும்
அந்த வெள்ளத்தின் அடியில்
கட்டில் போட்டுத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

ஆமையின் பெயர் நிக்கல்.
வாங்கியபோது ஐந்து சென்ட் காசை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.
பதினெட்டு வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டாகிவிட்டது.
இப்போது அவள் குளியல் தொட்டியில் வாசம்.
மூன்று மாதமாக மார்வா
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்தான் குளிக்கிறாளாம்.
அதைக் கேட்ட பிறகு
மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை உத்தரம் தேடினோம்.
நான் கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் தட்ட
அவள் மேலே தரையில் காது வைத்துப் படுத்திருந்தாள்.
பொள். பொள். பொள்.
திம்.
"அதுதான்!" என்று பலகை வழியாக ஒரு குரல்.
திம் என்ற இடமெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன்.
கடைசியில் கிழக்குச் சுவரோரம்,
உத்தரங்கள் ஐந்துக்குக் குறுக்கே,
என் கட்டிலுக்கு வெகு தூரத்தில்,
என் அடுப்புக்கு நேர் மேலே
என்று முடிவாயிற்று.

கண்ணாடித் தொட்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம்
பல் மருத்துவர் ஒருவர் ஓய்வுபெற்று விற்றது.
அதன் கீழ் மூலையில்
பல் பிடுங்கக் காத்திருந்த ஏதோ பிள்ளை ஒட்டிய
வெள்ளி நட்சத்திரம் ஒன்று.
சுரண்டலாமா என்றேன். கூடாது என்றாள்.
பணிமனையிலிருந்து டாலெஃபும் அவன் மச்சானும் வந்தார்கள்.
படிக்கட்டுத் திருப்பத்தில் நால்வரும்
பதினைந்து நிமிடம் அசையாமல் நின்று
ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம்.

அவள் குழாயில் நூல் போலத்தான் தண்ணீர்.
என் சமையலறையிலிருந்து விட்டோம்.
வெளியே, கரையோரம்
மனிதர் நடந்து மீன்பிடிக்கும்படி இறுகிக் கிடந்த அதே ஏரி
பச்சை ரப்பர் குழாய்க்குள் நெளிந்து
படியேறிப் போயிற்று, மூன்று மணி நேரம்.
குளோரின் போக மருந்து.
இருபத்தைந்து டிகிரிக்குச் சூடேற்றி.
வடிகட்டி, வெயில் விளக்கு,
விளக்கடியில் காய்வதற்குப்
பிளாஸ்டிக் குழாய்களை அறுத்துக் கட்டிய மேடை.
சரிவைத் தேய்த்துத் தேய்த்து
சொரசொரப்பாக்கினாள், நகம் பிடிக்க.

நிக்கலை இறக்கினோம்.
நேராக அடிக்குப் போனது.
தூரத்துக் கண்ணாடியில் மூக்கை வைத்து
நீந்திக்கொண்டே இருந்தது,
நகராமல்.
மேடை இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை.

முதல் நாள் ஏறவில்லை.
இரண்டாம் நாள், மூன்றாம் நாள்.
ஓடு காயாவிட்டால் அழுகிவிடும் என்றாள் மார்வா,
படியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றாமலே.
நான் சும்மா இருந்தேன்.
எனக்கு ஆமையைப் பற்றி என்ன தெரியும்?
எந்த நிறுத்தத்தில் யார் இறங்குவார் என்று தெரியும்.

ஐந்தாம் நாள் மதியம்,
இரண்டு சவாரிகளுக்கு நடுவே
முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன்.
மேலே வீட்டில் ஆளில்லை.
வடிகட்டியின் முனகல் மட்டும்.

தொபுக்.

கரண்டியோடு அப்படியே நின்றேன்.
பிறகு சலவைக்கூடத்துக்குப் போன் போட்டேன்.
இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்தினேன்:
"ஏறியிருக்கிறது!"
"உனக்கெப்படித் தெரியும்?"
"இப்போதுதான் விழுந்தது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
உருளைகள் சுற்றும் சத்தம்.
அப்புறம் அவள் சிரித்தாள்.
முட்டை கருகிவிட்டது.
அதோடுதான் தின்றேன்,
அண்ணாந்து பார்த்தபடி.